அப்பா வெட்டிய வாக்குத்தத்தங்கள்

என் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தது கடவுள்தான் என்று நான் சொல்வேன். கடவுள் இல்லை, உன் அப்பா என்று அம்மா திருத்துவாள். அப்பாவைக் கேட்டால், "நான் கத்தரிக்கோல் மட்டும்தான் பிடிச்சேன்" என்பார். அவர் இருந்தவரை அந்த வழக்கு தீரவே இல்லை.

எங்கள் சபைகளில் வருடப்பிறப்பு அன்று வாக்குத்தத்த அட்டை எடுப்பது வழக்கம். வேத வசனம் அச்சடித்த சின்னச் சின்ன அட்டைகளைத் தாம்பாளத்தில் கவிழ்த்துப் போட்டு, ஆராதனை முடிந்ததும் நீட்டுவார்கள். குடும்பத்தில் மூத்தவர் கண்ணை மூடி ஜெபித்துவிட்டு ஒன்றை எடுப்பார். அந்த வருடம் முழுக்க அந்த வீட்டுக்குக் கடவுள் கொடுத்த சொல் அதுதான். ஃப்ரிட்ஜ் உள்ள வீட்டில் ஃப்ரிட்ஜின் மேலும், மற்ற வீடுகளில் பீரோ கண்ணாடியின் ஓரத்திலும் அது ஏறும். மகனுக்கு வேலை கிடைத்தால் அட்டை பலித்தது என்பார்கள். கிடைக்காவிட்டால் வருடம் இன்னும் முடியவில்லையே என்பார்கள். டிசம்பர் முடிந்ததும் அடுத்த அட்டை வந்துவிடும். ஆக, எந்த அட்டையும் பொய்த்ததாக எங்கள் சபையின் சரித்திரத்திலேயே கிடையாது.

இதில் ஒரு ரகசியம், எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். தாம்பாளத்தில் கசப்பான வசனம் ஒன்றுகூட இருக்காது. ஆசீர்வதிப்பேன், பெருகப்பண்ணுவேன், கைவிட மாட்டேன், கண்ணீரைத் துடைப்பேன். எதை எடுத்தாலும் சர்க்கரைப் பொங்கல். வருடா வருடம் இதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர் ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார். அந்த வருடம், எண்பதுகளின் கடைசியில், அவருக்குக் கண் ஆபரேஷன் ஆகிவிட்டது. கமிட்டி கூடி யோசித்து, வேதத்தைத் தலைகீழாகத் தெரிந்த இன்னொருவரிடம் பொறுப்பை ஒப்படைத்தது. அவர் என் அப்பா.

அப்பா ரயில்வே கார்டு. தாம்பரத்துக்கும் பீச்சுக்கும் நடுவே ஓடும் மின்சார வண்டியின் கடைசிப் பெட்டியில் கொடியும் விசிலுமாக நின்றே வாழ்க்கையில் பாதியைக் கழித்தவர். பீர்க்கன்கரணையில் வீடு கட்டியிருந்தோம். மழைக்காலத்தில் ஏரி எங்கள் வாசல்வரை வந்து எட்டிப் பார்க்கும். அப்போதும் அப்பாவுக்கு வேதத்திலிருந்து உதாரணம் கிடைக்கும், மரக்கலம்தான் கிடைக்காது. அவருக்கு வேதமும் ரயில்வே விதிப் புத்தகமும் ஒரே ஜாதி. இரண்டிலும் பிடித்த விதி, பிடிக்காத விதி என்று கிடையாது.

"பச்சை விளக்குக்கு ஒரு பக்கம் இருக்கு, சிவப்பு விளக்குக்கு ஒரு பக்கம் இருக்கு. பச்சைப் பக்கத்தை மட்டும் கிழிச்சுப் பாக்கெட்ல வெச்சுக்கிட்டு வண்டி ஓட்டுவியா?" என்று கேட்பார். இதைச் சாப்பாட்டு மேஜையில் கேட்பார், குழம்பில் உப்பு குறைவு என்று அம்மாவே ஒப்புக்கொண்ட பிறகும் கேட்பார்.

ஆகவே கமிட்டி கொடுத்த பொறுப்பை அப்பா சீர்திருத்தமாக எடுத்துக்கொண்டார். வேதம் முழுவதும் கடவுளின் மூச்சு என்றால், நல்லதைப் பொறுக்க மனிதன் யார்? அதனால் பொறுக்கவில்லை. வேதத்தின் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, சில பக்கங்களுக்கு ஒன்றாக, பக்கத்தின் உச்சியில் எந்த வசனம் நிற்கிறதோ அதை அப்படியே எழுதிக்கொண்டார். மேற்குத் தாம்பரம் அச்சகத்தில் கொடுத்து, பிழை பார்த்து, பெரிய தாள்களாக வாங்கிவந்து, கதவைச் சாத்திக்கொண்டு தானே வெட்டினார். அம்மா உதவிக்குப் போனபோது, "சம்பந்தப்பட்டவங்க தொடக் கூடாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார். எங்கள் ஆயர் ஒருமுறை பார்த்திருக்கலாம். ஆனால் கிறிஸ்துமஸ் கீத பவனியில் தெருத்தெருவாகப் பாடி அவருக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது, வீட்டில் ஆவி பிடித்துக்கொண்டிருந்தார். "நீங்க பார்த்தா போதும்" என்று சைகையிலேயே சொல்லிவிட்டார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். அந்த டிசம்பரில்தான் எனக்கு நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையும் எங்கள் சபைதான். ராஜகீழ்ப்பாக்கத்தில் வீடு, பாரிமுனையில் வங்கி வேலை. நானும் பாரிமுனைப் பக்கம் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். பெரியவர்கள் பார்த்து முடித்த சம்பந்தம் என்று இரண்டு வீட்டிலும் பெருமையாகச் சொல்வார்கள். பெரியவர்களைப் பார்க்க வைத்தது காலை வண்டி என்பது எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும். அவருடைய அம்மா ஆஸ்பத்திரி நர்ஸ். பிள்ளைகள் சின்னதாக இருக்கும்போதே கணவர் தவறிவிட்டார். நைட் டூட்டி பார்த்து மகனையும் மகளையும் ஆளாக்கியவர். வார்டில் டாக்டர்களே அவரிடம் குரலை உயர்த்த மாட்டார்கள் என்று கேள்வி. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பான லெந்து காலம் ஆரம்பிக்கும் முன் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. லெந்தில் எங்கள் சபையில் கல்யாணம் கிடையாது. விட்டால் ஈஸ்டர் தாண்டித்தான்.

வருடப்பிறப்பு அன்று காலை ஆராதனை முடிந்தது. தாம்பாளம் புறப்பட்டது. அப்பா தூணருகே கையைக் கட்டிக்கொண்டு, வண்டி கிளம்பும் நேரத்தில் நிற்பதுபோல நின்றார்.

முதலில் எடுத்தவர் பாடகர் குழுவின் தலைவர். படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்து மறுபடி படித்தார். உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று என்று கடவுள் சொல்லியிருந்தார். அடுத்து, கமிட்டிக் கூட்டத்தில் எழுந்தால் உட்காராத செயலாளர். உன் வார்த்தைகள் சுருக்கமாக இருக்கட்டும். புதிதாகக் கல்யாணமான ஜோடிக்கு வாயில் நுழையாத பெயர்களாக ஒரு வம்ச வரிசை வந்தது. சண்டே ஸ்கூல் டீச்சருக்கு எந்தெந்த வெட்டுக்கிளியைச் சாப்பிடலாம் என்ற விவரம் வந்தது, பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டு குதித்தார்கள். மளிகைக்கடைக்காரருக்குக் கள்ளத் தராசு. அவர் நேராக அப்பாவிடம் வந்தார்.

"இன்னா சார் இது? வருசம் பொறந்த அன்னிக்கே நம்மள திருடன்னு எய்தி வச்சிக்கினு கீறீங்க? வூட்டுக்கு எட்துனு போய் எங்க மாட்டுவேன், கல்லாப்பெட்டி மேலயா?"

"அங்க மாட்டினா ரொம்பப் பொருத்தம்" என்றார் அப்பா. அவர் கேலி செய்யவில்லை, ஆலோசனைதான் சொன்னார். அந்தக் கடையில் எங்களுக்கு அன்றோடு துவரம்பருப்பு நின்றது.

சபையில் ஒரே ஒரு சந்தோஷமான மனிதர் பொருளாளர். முடி உதிர்ந்து மொட்டையானவன் சுத்தமானவன் என்ற வசனம் அவருக்கு வந்தது. தன் தலையைத் தடவிக்கொண்டே எல்லோருக்கும் காட்டினார். பிறகு அதைச் சட்டம் போட்டே மாட்டிவிட்டார் என்று கேள்விப்பட்டோம்.

எங்கள் வீட்டுக்கு அம்மாதான் எடுத்தாள், தயாரித்தவர் எடுக்கக் கூடாது என்று அப்பா ஒதுங்கிக்கொண்டதால். சண்டைக்காரியோடு வீட்டில் இருப்பதைவிட மொட்டைமாடி மூலையில் இருப்பது நல்லது என்று அதில் இருந்தது. அம்மா அட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "ஏங்க, பாயும் தலகாணியும் மாடில போட்டுடட்டுமா?" என்று மட்டும் கேட்டாள்.

சிரிப்பும் சண்டையுமாக ஒரே கலவரம். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், என் வருங்கால மாமியார் அட்டையை எடுக்கும்வரை.

அவர் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, நர்ஸ் முகம் அது. அட்டையை மகனிடம் நீட்டினார். மாப்பிள்ளை படித்துவிட்டு என்னைப் பார்த்தார். சாரம் இதுதான்: நீ பெண் கொள்ள வேண்டாம், இந்த இடத்தில் உனக்கு மகன்களும் மகள்களும் வேண்டாம்.

ஒரு தீர்க்கதரிசிக்குக் கடவுள் சொன்னது அது. அவர் பெயரை அன்றிலிருந்து எங்கள் இரண்டு வீட்டிலும் யாரும் உச்சரிப்பதில்லை. 'அவர்' என்று சொன்னாலே போதும்.

ஆயர் ஓடிவந்தார். தொண்டை இன்னும் சரியாகவில்லை. "அம்மா, அது அந்தத் தீர்க்கதரிசிக்குச் சொன்னதும்மா, உங்க மகனுக்கு இல்ல" என்று காற்றாகவே பேசினார்.

"அப்போ போன வருஷம் எனக்கு வந்துச்சே, உன் சந்ததியை ஆசீர்வதிப்பேன்னு, அது யாருக்குச் சொன்னது ஐயா? அதை எனக்குன்னுதானே பிரசங்கம் பண்ணீங்க? நல்லது வந்தா எனக்கு, கெட்டது வந்தா அவருக்கா?"

ஆயரின் தொண்டை அந்த நிமிடம் முழுதாக அடைத்துக்கொண்டது.

மாமியார் அப்பா பக்கம் திரும்பினார். "சார், நீங்க சொல்லுங்க. இது நீங்க பார்த்துப் பொறுக்கினதா?"

அப்பாவுக்குப் பொய் வராது. "இல்லம்மா. அதுவா வந்ததுதான்."

"அப்போ டாக்டர் எழுதினது. டாக்டர் எழுதின சீட்டை நர்ஸ் திருத்தக் கூடாது. ஓலை வாசிக்க வேணாம்னு சொல்லிடுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு அவர் செருப்பைத் தேடிப் போனார். ஓலை என்பது கல்யாண அறிவிப்பு. தொடர்ந்து மூன்று ஞாயிறு சபையில் வாசித்தால்தான் கல்யாணம். முதல் ஓலை அடுத்த ஞாயிறுதான் இருந்தது.

வீட்டுக்கு வந்து நான் அழுதேன். அழுது முடித்ததும் எனக்குக் கோபம் வந்தது. கோபம்தான் எனக்கு எப்போதும் கைகொடுக்கும்.

"வேதம் முழுசும் சமம்னு சொன்னீங்களே. அப்புறம் எதுக்கு வெட்டினீங்க? முன்னாடி என்ன சொல்லியிருக்கு, பின்னாடி என்ன சொல்லியிருக்குன்னு தெரியாம நடுவுல ஒரு துண்டு. கத்தரிக்கோல் எந்தத் தீர்க்கதரிசி கொடுத்தார் உங்களுக்கு?"

எதிர்வாதம் செய்யாத அப்பாவை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன், பயமாகவே இருந்தது. வேதத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். அம்மா எடுத்த அட்டை அன்றே பலித்துவிட்டது.

டூட்டி போக மீதி நேரமெல்லாம் அந்தத் தீர்க்கதரிசியின் புத்தகத்தோடேயே இருந்தார். ஒரு மாலை தடதடவென்று இறங்கி வந்தார். "இருபத்தொன்பதாம் அதிகாரம்! அதே ஆளு! அதே கடவுள்! பொண்ணு கட்டுங்க, பிள்ளை குட்டி பெத்துக்கோங்க, உங்க பொண்ணுங்களையும் கட்டிக் கொடுங்கன்னு சொல்றார்!" நல்ல எதிர்காலத்தைத் தருவேன் என்று எல்லாக் காலண்டரிலும் அச்சாகும் வசனமும் அதே அதிகாரத்தில்தான் இருந்தது. "அதை மட்டும் வெட்டி மாட்டிக்கிறானுங்க, பக்கத்துல இருக்கிறதை ஒருத்தனும் படிக்கிறதில்ல" என்றார். தானும் கத்தரிக்கோல் பிடித்த கைதான் என்பது அப்போது அவர் நினைவில் இல்லை.

அப்போதே மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு ராஜகீழ்ப்பாக்கம் போனார். மாமியார் காபி கொடுத்து, அதிகாரம் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு சார். ஆனா இது நீங்க தேடிப் போய் எடுத்தது. எனக்கு வந்தது, நான் தேடாம வந்தது."

"அப்போ இன்னொரு அட்டை எடுத்துப் பாருங்க" என்று அவருடைய மகள் சொன்னாளாம். கடவுளைப் பரீட்சை பார்க்கக் கூடாது என்று அப்பாவும் மாமியாரும் ஒரே குரலில் அதட்டினார்களாம். அவர்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

வழி கண்டுபிடித்தது மாப்பிள்ளை. அவர்கள் வீட்டில் தினமும் மாலை குடும்ப ஜெபத்தில் ஓர் அதிகாரம் வாசிப்பார்கள். வேதத்தின் ஆரம்பத்திலிருந்து முடிவுவரை, வரிசையாக, முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. அப்போது 'அவருக்கு' முந்தின தீர்க்கதரிசியின் புத்தகத்தில் பாதியில் இருந்தார்கள். அப்படியே போனால் இருபத்தொன்பது தானாக வரும், யாரும் தேடாமல் வரும். மாமியாருக்கும் இதில் ஆட்சேபணை சொல்ல ஒன்றும் இல்லை. சங்கடம் என்னவென்றால், நாளுக்கு ஓர் அதிகாரம் என்றால் அது வருவதற்குள் லெந்து வந்துவிடும்.

மாப்பிள்ளைக்குத் திடீரென்று பக்தி பெருகியது. "அம்மா, இந்த வருஷத்துல இருந்து ரெண்டு அதிகாரமா வாசிச்சா என்ன?" என்று தொடங்கினார். வேதம் வாசிக்க வேண்டாம் என்று எந்த அம்மா சொல்வாள்? இரண்டு, சில நாள் மூன்று ஆனது. வெள்ளிக்கிழமை டிவியில் சினிமாப் பாட்டு ஓடும் நேரத்தில் அந்த வீட்டில் தீர்க்கதரிசி முழங்கிக்கொண்டிருப்பார். நாத்தனார், பாவம், பக்கத்து வீட்டிலிருந்து வரும் பாட்டுச் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாளாம். பார்த்தவர்கள் ஜெபம் என்று நினைத்திருப்பார்கள்.

தாம்பரம் ஸ்டேஷனில் காலை வண்டிக்கு நிற்கும்போது எனக்கு அன்றன்றைய நிலவரம் வந்துவிடும். காதலிக்கிறவர்கள் என்னென்னவோ பேசுவார்கள் என்று கேள்வி. நாங்கள் பேசியது இதுதான்.

"அவர் வந்துட்டாரா?"

"இல்லீங்க. முன்னாடி இருக்கிறவரு இன்னும் முடிக்கல. ரொம்ப நீளமா பேசறாரு."

"நேத்து எத்தனை?"

"ரெண்டுதான். அம்மாவுக்கு முட்டி வலி."

இதைத் தினமும் கேட்டுக்கொண்டிருந்த ஓர் அக்கா, எங்களோடு வண்டி ஏறுகிறவர், பக்கத்துக் காலனியில் இருப்பவர், ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டார். "ஏம்மா, தப்பா நெனைக்காத. யாரு வரணும்? வெளிநாட்டுல இருக்காரா?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "எங்க வீட்ல ஜாதகம் பொருந்தலைன்னா இன்னொரு ஜோசியர்கிட்டப் போவோம். உங்களுக்கு ஒரே ஜோசியரா? கஷ்டம்தான்" என்று மனதார வருத்தப்பட்டார். அப்பாவிடம் இதை நான் சொல்லவில்லை.

ஒருவழியாக 'அவர்' வந்தார். புத்தகம் ஆரம்பித்த செய்தியைக் கேட்டதும் எங்கள் வீட்டில் பாயசம் வைக்காத குறை. அப்போதுதான் அம்மா, கீரை ஆய்ந்துகொண்டே, யாருக்கும் தோன்றாத ஒன்றைச் சொன்னாள்.

"இருபத்தொன்பதுக்குப் போகணும்னா பதினாறு வழியாத்தானே போகணும்?"

அப்பாவின் முகம் விழுந்தது. அட்டையில் வந்த வசனம் பதினாறாம் அதிகாரத்தில்தான் இருந்தது. தேடாமல் ஒருமுறை வந்தது, தேடாமல் இரண்டாம் முறையும் வரப்போகிறது. இரண்டு சாட்சி என்றால் எங்கள் ஆட்களுக்கு மேல்முறையீடு கிடையாது.

மறுநாள் ஸ்டேஷனில் சொன்னேன். மாப்பிள்ளை வெளிறிப்போனார். பிறகு குரலைத் தாழ்த்தி, வேதத்தின் தாள்கள் மெல்லியவை, சில நாள் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே திரும்பிவிடும் என்றார். எனக்கு அந்த யோசனை மிகவும் பிடித்தது. ஆனால் அதை அப்பாவிடம் போய்ச் சொன்னது என் முட்டாள்தனம்.

"நிக்க வேண்டிய ஸ்டேஷன்ல நிக்காம போற வண்டிக்கு நான் கொடி காட்ட மாட்டேன். என் பொண்ணு கல்யாணமா இருந்தாலும் சரி" என்றார். சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்தது. அதைக் கேட்ட பிறகு என்னால் அவரிடம் கோபித்துக்கொள்ள முடியவில்லை. அந்த வசனத்தை அச்சடித்த நாளிலிருந்து என்னைவிட அதிகம் தூக்கம் கெட்டவர் அவர்தான்.

அந்த அதிகாரம் வரும் மாலை அப்பா, அம்மா, நான் மூவரும் ராஜகீழ்ப்பாக்கம் போனோம். எங்களை அழைத்ததே மாமியார்தான். "பிரச்சினை இருக்கிற இடத்துல எல்லாரும் இருக்கட்டும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். பாய் விரித்திருந்தது. ஒரு பாட்டுப் பாடினோம், யாருக்கும் சுருதி சேரவில்லை. மகன் வேதத்தைத் திறந்தபோது மாமியார் கையை நீட்டித் தடுத்தார்.

"விருந்தாளி வந்தா அவங்கதான் வாசிக்கணும், அதுதான் இந்த வீட்டு வழக்கம். அவகிட்ட கொடு."

என் கையில் வந்தது. என் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லும் வசனத்தை நானே சத்தம் போட்டு வாசிக்க வேண்டும். அலுவலகத்தில் எத்தனையோ பேரின் வேலைநீக்க உத்தரவுகளை டைப் அடித்திருக்கிறேன். இப்போது என்னுடையது. உள்ளுக்குள் கடவுளிடம் சண்டைதான் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாம் வசனத்தை வாசித்துவிட்டு நிறுத்திவிட்டேன்.

"நிறுத்தாத. வாசி" என்றார் மாமியார்.

வாசித்தேன். அந்த ஊருக்கு அழிவு வரப்போகிறது. அங்கே பிறக்கும் பிள்ளைகள் கொடிய நோயில் சாவார்கள். புதைக்க ஆள் இருக்காது, அழ ஆள் இருக்காது. துக்க வீட்டுக்கும் போகாதே, விருந்து வீட்டுக்கும் போகாதே என்று அந்த மனிதரிடம் சொல்லப்படுகிறது. மணமகன் குரலும் மணமகள் குரலும் ஊரில் ஓய்ந்துபோகும். வாசிக்க வாசிக்க என் சண்டை எனக்கே மறந்துவிட்டது. அதிகாரம் முடிந்தது. அடுத்து ஜெபம் செய்ய வேண்டும், யாரும் செய்யவில்லை.

மாமியார்தான் மகனைக் கேட்டார். "அப்புறம் அவருக்குக் கடைசிவரைக்கும் கல்யாணமே ஆகலையா?"

"இல்லம்மா."

"பிள்ளைங்க?"

"இல்ல."

"கடைசியில கூட இருந்தது யாரு?"

மகனுக்குத் தெரியவில்லை. அப்பாவைப் பார்த்தார். தலைகீழாக வேதம் தெரிந்த அப்பா மெதுவாகச் சொன்னார். "கூட்டாளி ஒருத்தர் இருந்தாரும்மா. அவர் சொல்லச் சொல்ல எழுதறவர். மத்தபடி வீட்டு மனுஷங்கன்னு யாரும் இருந்ததா எழுதியில்ல."

மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அந்த நர்ஸ் முகம் அப்படி உடைந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "வார்டுல அந்த மாதிரி ஆளுங்களைப் பார்த்திருக்கேன். சொந்தக்காரங்க பார்க்க வர்ற நேரத்துல எல்லாக் கட்டில் பக்கத்துலயும் யாராவது உட்கார்ந்திருப்பாங்க. அவங்க மட்டும் கதவையே பார்த்துக்கிட்டு இருப்பாங்க. நான்தான் கொஞ்ச நேரம் போய் உட்காருவேன்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தார். டூட்டிக் குரல் திரும்பி வந்துவிட்டது.

"சார், நாம பெரிய தப்புப் பண்ணிட்டோம். இது வேற பேஷண்ட்டோட சீட்டு. அந்த மனுஷன் கட்டில்ல இருந்து கழட்டிட்டு வந்து என் பிள்ளை கட்டில்ல மாட்டியிருக்கோம்."

வருடப்பிறப்பு அன்று ஆயர் காற்றுக் குரலில் சொன்னதும் இதைத்தான். ஆனால் அப்போது அவர் ஒரு பதிலாகச் சொன்னார். இவர் அந்தத் தீர்க்கதரிசியின் கட்டிலருகே போய் உட்கார்ந்துவிட்டு வந்து சொன்னார். அப்பா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுதாரா, நன்றி சொன்னாரா தெரியாது. அம்மா மட்டும் தெளிவாக இருந்தாள். "அப்போ ஓலையை இந்த ஞாயிறே குடுத்துடலாமா?" என்று கேட்டாள்.

லெந்துக்குச் சற்று முன்னால், மூச்சு வாங்க வாங்க, கல்யாணம் நடந்தது. ஏற்பாடுகளின் நடுவே ஒருநாள் காலை ஸ்டேஷனில் அவர் சொன்னார்.

"நேத்து இருபத்தொன்பது வந்துச்சு."

"அத்தை என்ன சொன்னாங்க?"

"தூங்கிட்டாங்க. தி.நகர்ல நாள் பூரா உங்களுக்குப் புடவை பார்த்துட்டு வந்தாங்க. முதல் வசனத்துலயே குறட்டை."

அப்பா மாடியில் உட்கார்ந்து தேடி எடுத்த அதிகாரம், மொபெட்டில் சுமந்து போன அதிகாரம், இத்தனை பேர் காத்திருந்த அதிகாரம். அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "பரவாயில்ல, வண்டி வந்ததுக்கு வந்ததுதான். பிளாட்பாரத்துல ஆள் தூங்கினா வண்டி என்ன பண்ணும்?" என்று மட்டும் சொன்னார்.

கமிட்டி அட்டைப் பொறுப்பை அப்பாவிடமிருந்து பறித்தது. வாத்தியாருக்கும் கண் தெளிவாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. அடுத்த வருடப்பிறப்பு அன்று தாம்பாளத்தில் மறுபடியும் சர்க்கரைப் பொங்கல். மளிகைக்கடைக்காரர் அப்பாவின் கையைக் குலுக்கினார், எங்களுக்குத் துவரம்பருப்பு திரும்பி வந்தது. நான் அப்போது ஏழு மாதம். மூச்சு வாங்கிக்கொண்டு மாமியார் பக்கத்தில் நின்றேன். அவர் கண்ணை மூடி எடுத்தார், காலண்டர் வசனம். நல்ல எதிர்காலம் தருவேன் என்பது. சுற்றி நின்றவர்கள் ஆகா என்றார்கள்.

மாமியார் ஆகா சொல்லவில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாரோட சீட்டு?" என்று கேட்டார். "சாயந்தரம் முழுசா வாசிச்சுடு."

வாசித்தேன். அதே இருபத்தொன்பது. வேற்று ஊருக்குச் சிறை போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று ஏமாறாதீர்கள், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்றது. பெண் கொள்ளுங்கள், மகன்களையும் மகள்களையும் பெறுங்கள் என்ற இடம் வந்தபோது மாமியார் கையைக் காட்டி நிறுத்தினார். என் வயிற்றைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், பிறகு மேலே, கூரைப் பக்கம், டாக்டரைப் பார்க்கிற மாதிரி நிமிர்ந்து பார்த்தார்.

"ஏழு மாசம் ஆச்சு. இப்பத்தான் உத்தரவு வருது" என்றார். "நல்லவேளை, அன்னிக்கு நான் இதுக்காகக் காத்துக்கிட்டு இருக்கல."